சாண்டோ நின்யோ தெருவுக்கு வரும் நாள்: வாசகர் கேள்வி – பதில்

பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கேமராவோடு கிளம்ப நினைக்கும் வாசகர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். சென்னையின் நாலா திசையிலிருந்தும் வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

ஜனவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைக்கிறது. சினுலோக், அதி-அதிஹான், தினக்யாங் மூன்று திருவிழாக்களையும் பார்த்துவிட முடியுமா?
– வாசகர், மயிலாப்பூர்

மூன்றும் ஒருசேரக் கைக்கு எட்டாது. சினுலோகும் அதி-அதிஹானும் ஒரே நாளில், ஜனவரி மூன்றாம் ஞாயிறில்தான் உச்சத்துக்கு வரும். சினுலோக் செபு நகரில். அதி-அதிஹான் பனாய் தீவின் வடக்கே காலிபோவில். தினக்யாங் அடுத்த ஞாயிறு, அதே பனாய் தீவின் தென்கரையில் உள்ள இலோயிலோ நகரில். 2027-க்கு ஜனவரி 17, 24 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றுக்கும் நாயகன் ஒருவரே: சாண்டோ நின்யோ என்கிற குழந்தை இயேசு. 1521-ல் மெகல்லன் செபுவில் இறங்கியபோது, அரசர் ஹுமாபோனின் மனைவிக்கு ஞானஸ்நானப் பரிசாகக் கொடுத்த சின்ன மரச் சிலை அது. 1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை வந்து ஊர் எரிந்தபின், ஒரு மரப்பெட்டிக்குள் சேதமில்லாமல் கிடைத்தது. இன்றும் செபு பசிலிக்காவில் இருக்கிறது. இந்தக் கதை தெரியாமல் போனால் மூன்றும் வெறும் வண்ண ஊர்வலங்களாகத்தான் கண்ணில் படும்.

மூன்றின் குணமும் வேறு. செபுவில் ஒன்பது நாள் நவநாள், சனிக்கிழமை விடியற்காலையில் கடல்வழிப் பவனி, அன்று பிற்பகல் நடைப் பவனி, ஞாயிறு பெரிய ஊர்வலம். கூட்டம் மிகப் பெரியது, தடுப்புக் கட்டைகள் உண்டு, நீங்கள் தள்ளி நின்றுதான் எடுக்க முடியும். காலிபோவில் கயிறும் இல்லை, தடுப்பும் இல்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு பறையடிக்கு ஆடும் கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். இலோயிலோவில் ஒத்திகை பார்த்துச் செதுக்கிய போட்டி நடனம்; நடுவர்கள் அமரும் இடங்களில் சீட்டு வாங்கி உட்கார்ந்தால்தான் முழுசாகக் கிடைக்கும்.

உங்கள் பன்னிரண்டு நாளுக்கு எங்கள் யோசனை காலிபோவும் இலோயிலோவும். இரண்டும் ஒரே தீவு. நடுவில் வேன் பயணம் நாலு மணி நேரம்தான். இடைப்பட்ட நாட்களில் காலிபோவிலிருந்து கத்திக்லான் போய்ப் படகேறினால் போராகாய் தீவு. பக்தியைப் படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு செபுவில் வியாழக்கிழமையே இறங்கிவிடுங்கள். எந்த ஊரானாலும் அறையை ஐந்து மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். செபுவின் ஊர்வலப் பாதை சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. அந்த ஆண்டுக்கான வரைபடம் வந்தபிறகு எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள்.

சினுலோக் ஆட்டத்தை எடுத்தால் எனக்கு எல்லாம் கலங்கியே வருமோ என்று பயம். என்ன வேகத்தில் எடுப்பது?
– வாசகி, அண்ணா நகர்

முதலில் ஆட்டத்தைப் படியுங்கள், பிறகு கேமராவைத் திருகுங்கள். சினுலோக்கின் அடிப்படை அடவு: இரண்டடி முன்னால், ஓரடி பின்னால். 'சுலோக்' என்றால் செபு மொழியில் நீரோட்டம். அலை முன்னேறிப் பின்வாங்குவதுபோலத்தான் ஆட்டமும். முன்னால் போன உடம்பு பின்வாங்கத் தொடங்கும் அந்தத் திருப்பத்தில் ஒரு கணம் அசைவே இருக்காது. ஊஞ்சல் உச்சியில் நிற்குமே, அதுபோல. கையும் சிலையும் மேலே தூக்கியிருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். பத்து நிமிடம் படமே எடுக்காமல் தாளத்தைக் கேட்டால் அந்தக் கணம் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் 1/125 நொடி ஷட்டர் வேகமே போதும். இறகும் பாவாடையும் பறப்பதை உறைய வைக்க 1/800-க்கு மேல் போங்கள். பின்னணி கோடாக இழுபட வேண்டுமென்றால் 1/30-ல் ஆடுபவரோடு கேமராவையும் சேர்த்துத் திருப்புங்கள். பத்தில் ஒன்று தேறினால் நல்ல கணக்கு. 1/60 பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே உறைந்தும் வராது, இழுபட்டும் வராது, கலங்கலாகத்தான் வரும்.

அடுத்த சிக்கல் தலைக்கிரீடம். நண்பகல் வெயிலில் அதன் நிழல் கண்ணில் விழுந்து முகம் கறுத்துப்போகும். தெருவின் நிழல் பக்கத்தில் நில்லுங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்குக் கிடைக்கும். எக்ஸ்போஷரை ⅔ ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். முகச்சாயம் பூசியவர்களிடமும் முகமூடிக்காரர்களிடமும் கேமராவின் கண்தேடும் குவியம் ஏமாறும். அதை அணைத்துவிட்டு நடுவில் ஒரு சின்ன வட்டத்தை வைத்துத் தொடர் குவியத்தில் எடுங்கள். 24-105 ஒரு லென்ஸ் போதும். நடுத்தெருவில் லென்ஸ் மாற்றாதீர்கள். காலிபோவில் கரித்தூள், செபுவில் காகிதத்துகள், இரண்டுமே சென்சாரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழகிப் பார்க்கப் பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் இருக்கிறதே! நெரிசல், உச்சி வெயில், தலைக்கு மேல் மிதந்துவரும் பல்லக்கு என்று மாடவீதியில் ஒரு பிற்பகலிலேயே செபுவின் எல்லாச் சிக்கலும் பழகிவிடும்.

செபுவில் பாதுகாப்புக்காகச் சில ஆண்டுகளில் திருவிழா நேரத்தில் கைபேசி அலைவரிசையைத் துண்டித்திருக்கிறார்கள். கூட வந்தவர்களோடு எங்கே, எத்தனை மணிக்குச் சேருவது என்பதைக் காலையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊர்வலத்தைவிட எங்களுக்குப் பிடித்த காட்சி பசிலிக்கா வளாகத்தில், ஆண்டு முழுவதும் கிடைக்கும். மெழுகுவத்தி விற்கும் பெண்கள் உங்கள் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு உங்களுக்காக அந்த முன்னடி பின்னடி ஆட்டத்தை ஆடி வேண்டிக்கொள்வார்கள். ஊர்வலத்துக்கெல்லாம் மூல வடிவம் இந்த எளிய ஆட்டம்தான். மெழுகுவத்தியை வாங்கி, வேண்டுதலைச் சொல்லி, அதன்பின் படமெடுக்கலாமா என்று கேளுங்கள். காலை ஏழு மணிச் சாய்வெயிலில், 50 மி.மீ. லென்ஸில், ஆளின் மார்பளவு வரும்படி எடுத்தால் கையும் சுடரும் சேர்ந்து விழும்.

விசா, விமானம், கேமராப் பை: சென்னையிலிருந்து கிளம்புபவர் கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், தாம்பரம்

2025 ஜூன் முதல் இந்தியர் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் போகலாம். அதை அங்கே நீட்டித்துத் தரமாட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், ஷெங்கன், பிரிட்டன், சிங்கப்பூர் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் 30 நாள். ஆறு மாதம் ஆயுளுள்ள பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பாருங்கள். இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் 'ஈ-டிராவல்' பதிவும் செய்ய வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி.

சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக மாறிப் போவதுதான் நம் வழக்கமான பாதை. சிங்கப்பூரிலிருந்து செபுவுக்கே நேரடி விமானம் உண்டு என்பதால் செபுவும் பனாயும் உள்ள விசயாஸ் தீவுகளுக்குப் போகிறவர் மணிலாவுக்குப் போய்ச் சுற்ற வேண்டியதில்லை.

கேமராவும் லென்ஸும் விலை உயர்ந்தவை என்றால், கிளம்பும் நாளில் மீனம்பாக்கம் சுங்கப் பிரிவில் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'வெளிநாட்டில் வாங்கியதா?' என்ற கேள்விக்கு அதுவே பதில். ரசீது நகலும் கூட இருக்கட்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் என்றால் 74 வாட் மணி, 100-க்குள் இருப்பதால் தடையில்லை. அங்கே இரட்டைத் தட்டை முள் பிளக். நம் உருண்டை முள் நுழையாது. இரண்டு அடாப்டர் போதும்.

லுக்பான் ஊரில் வீட்டு முகப்பெல்லாம் வண்ண இலைகளாகத் தொங்குவதைப் படத்தில் பார்த்தேன். அது காகிதமா? எப்போது போனால் எடுக்கலாம்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

காகிதமில்லை அம்மா, அரிசி. உங்கள் வீட்டு இலை வடாத்தின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

அதன் பெயர் கிப்பிங். அரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்து, சாயம் கலந்து, நரம்பு எடுப்பான இலையில் மெல்லப் பூசி ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறியபின் உரித்தால் இலையின் நரம்பு அப்படியே பதிந்த மெல்லிய தகடு கிடைக்கும். சுருண்டுவிடாமல் மேலே பாரம் வைத்து அழுத்தி, காயவிட்டுக் கோக்கிறார்கள். எங்கே தவறும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாவு கெட்டியானால் நரம்பு பதியாது, வெளிச்சமும் ஊடுருவாது. நீர்த்துப்போனால் உரிக்கும்போது கிழியும். சூட்டோடு உரித்தாலும் கிழியும். பாரம் வைக்க மறந்தால் வடாம்போலக் குவிந்துகொள்ளும். நூற்றுக்கணக்கில் கோத்துச் சரவிளக்காகத் தொங்கவிடுவதை 'அராங்யா' என்கிறார்கள். அலங்காரத்துக்குச் சாயமேற்றியதைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள். பொரித்துத் தின்பதற்கென்று தனியாக விற்பார்கள்.

விழாவின் பெயர் பஹியாஸ், ஆண்டுதோறும் மே 15. உழவர்களின் காவலரான சான் இசித்ரோவுக்கு அறுவடையைக் காட்டி நன்றி சொல்லும் நாள். நம் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். பவனி போகும் தெரு ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தத் தெருவில் உள்ள வீடுகள்தான் நெற்கதிர், காய்கறி, தொப்பி, கிப்பிங் கொண்டு முகப்பை மூடுகின்றன. ஆகவே சென்ற ஆண்டின் படத்தைப் பார்த்து அதே வீட்டைத் தேடிப் போகாதீர்கள்.

மணிலாவிலிருந்து சாதாரண நாளில் மூன்று நான்கு மணி நேரம். அன்றைக்குக் கணக்கே இல்லை. முந்தின நாளே போய்விடுங்கள். லுக்பானில் அறை கிடைக்காவிட்டால் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி லூசேனாவில் தங்கி அதிகாலையில் வரலாம். ஐந்தரை மணியிலிருந்து எட்டு வரைதான் உங்கள் நேரம். கூட்டம் இல்லை, வெயிலும் சாய்ந்திருக்கும். கிப்பிங்கை முன்பக்கமிருந்து எடுத்தால் பிளாஸ்டிக்போலத் தெரியும். அடியில் போய் நின்று, சூரியன் அதற்குப் பின்னால் வரும்படி மேல்நோக்கி எடுங்கள். ஒவ்வொரு நரம்பும் விளக்கேற்றியதுபோல ஒளிரும். கேமரா அந்த வெளிச்சத்துக்குப் பயந்து படத்தை இருட்டாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கைபேசியில் என்றால் இலைமேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு மேலே இழுங்கள்.

பானாஹாவ் மலையடிவாரம் என்பதால் பிற்பகலில் மழை எதிர்பார்க்கலாம். குடையைவிடக் கேமராவுக்கு ஓர் உறை முக்கியம். மாலையில் 'கலாஸ்': அலங்காரத்தை அவிழ்த்து, காய்கறியைக் கூடியிருப்பவர்கள் எடுத்துப்போகும் நேரம். பலர் அதற்குள் பேருந்துக்கு ஓடிவிடுகிறார்கள். கை நீட்டும் முகங்கள் கிடைப்பது அப்போதுதான், இருந்து எடுங்கள்.

சுத்த சைவம். அரிசி நாடுதானே, சமாளித்துவிடலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

சோறு எங்கும் உண்டு, சிக்கல் குழம்பில். காய்கறி என்று தட்டில் வருவதில் பெரும்பாலும் இறால் விழுதோ மீன் சாறோ இருக்கும். பினக்பெட் என்றொரு பதார்த்தம்: பாகற்காய், கத்தரி, வெண்டை, பூசணி எல்லாம் போட்டு நம் கூட்டுபோலவே இருக்கும். ருசியே பகோஓங் என்ற இறால் விழுதிலிருந்து வருவது. சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் லயிங்கில் கருவாடு. பாசிப்பயறு மோங்கோவில் பன்றித் துண்டு அல்லது கருவாடு. 'வெஜிடேரியன்' என்ற சொல்லைச் சொன்னால் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டுச் சாற்றை அப்படியே தருவார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, அந்தச் சொல்லுக்கு அங்கே அவ்வளவுதான் பொருள்.

ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் ஹிபோன், வாலாங் பாதிஸ், வாலாங் பகோஓங் போ.' இறைச்சி, மீன், இறால், மீன் சாறு, இறால் விழுது இல்லாமல் என்று பொருள். முட்டையும் ஆகாதென்றால் 'வாலாங் இத்லோக்' சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு சீட்டில் எழுதிச் சமையல்காரரிடமே நீட்டுவது இன்னும் நல்லது. வள்ளைக்கீரையை அங்கே காங்கோங் என்பார்கள். பூண்டும் சோயாவும் வினிகரும் மட்டும் போட்டு வதக்கித் தரச் சொல்லலாம், சிப்பிச் சாறு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பொரித்த டோஃபுவுக்கு 'டோக்வா' என்று பெயர்.

தெருவில் உங்களுக்கு வழி அதிகம். காலையில் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து 'தஹோ...' என்று நீட்டிக் கூவிக்கொண்டு வருவார்கள். சுடச்சுட மெல்லிய சோயாக் கட்டி, வெல்லப்பாகு, ஜவ்வரிசி. வாழைப்பழத்தைச் சுருட்டிச் சர்க்கரையில் பொரித்த துரோன், இலையில் கட்டிய ஒட்டரிசி சுமான் இரண்டும் பயமில்லை. டிசம்பரில் தேவாலய வாசல்களில் பூதோ பும்போங்: ஊதா அரிசி மாவை மூங்கில் குழலில் ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவது. குழாய்ப்புட்டேதான். வெண்ணெய் தடவுவார்கள்.

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் ஒரு டப்பா போதும். பச்சைக் காய், பழம் எதுவும் எடுத்துப்போகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

முன்பின் தெரியாதவர்களைப் படமெடுக்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

நம் பேச்சில் 'ங்க' சேர்ப்பதுபோல அவர்கள் 'போ' சேர்ப்பார்கள். 'ஓபோ' என்றால் 'ஆமாங்க'. அதை விட்டுவிட்டால் கேள்வி மொட்டையாக விழும். 'புவேதே போ பாங் குமூஹா நங் லித்ராத்தோ?' – ஒரு படம் எடுத்துக்கலாமாங்க? இவ்வளவுதான். இளைஞரையும் நடுவயதுக்காரரையும் 'கூயா' (அண்ணா), பெண்களை 'ஆதெ' (அக்கா), பெரியவர்களை 'லோலோ', 'லோலா' (தாத்தா, பாட்டி). முன்பின் தெரியாத ஆட்டோக்காரரை நாம் அண்ணா என்பதுபோல அங்கேயும் முறை வைத்தே கூப்பிடுகிறார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் எல்லாருக்கும் புரியும். ஆனாலும் இந்த இரண்டு சொல் முகத்தையே மாற்றும்.

பானாவே படிக்கட்டு வயல்களின் காட்சி முனையில் பாரம்பரிய உடையில் இஃபுகாவ் பழங்குடிப் பாட்டிகள் அமர்ந்திருப்பார்கள். அது அவர்கள் தொழில். முதலிலேயே பேசிக் காசைக் கொடுத்துவிட்டு நிதானமாக எடுங்கள். தூரத்திலிருந்து லென்ஸை நீட்டித் திருட்டுத்தனமாக எடுப்பது வேண்டவே வேண்டாம்.

பெரிய வெள்ளியன்று பாம்பாங்கா மாகாணத்தில் சிலுவையில் ஆணி அடித்துக்கொள்வார்களாமே. எடுக்க விடுவார்களா? எடுக்கலாமா?
– வாசகர், சாந்தோம்

விடுவார்கள். சான் பெர்னாண்டோ நகரைச் சேர்ந்த சான் பெத்ரோ குதுத் ஊரில் 1962 முதல் உண்மையான ஆணியோடு நடக்கிறது. ஆணிகள் மதுசாரத்தில் ஊறவைத்த துருப்பிடிக்காத எஃகு. திருச்சபை இதை ஊக்குவிப்பதில்லை. செய்பவர்கள் இதைப் 'பனாதா' என்கிறார்கள். நம் மொழியில் நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்ததற்காக, நோய் தீர்ந்ததற்காக. அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டுப் படக்காரர்கள் பலர் இரத்தத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் அவர் வீட்டார் முகத்தையும் எடுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். பேருந்துகள் அன்று மிகக் குறைவு, கடைகள் பெரும்பாலும் அடைப்பு. புதன்கிழமையே ஊர் சேர்ந்துவிடுங்கள். 2027-ல் பெரிய வெள்ளி மார்ச் 26. காலை முதலே முதுகில் அடித்துக்கொண்டு வெறுங்காலோடு வருபவர்கள் தெருவில் போவார்கள். சாட்டை வீசும் போதெல்லாம் துளி தெறிக்கும் என்பதால் நாலு மீட்டர் தள்ளி நில்லுங்கள், லென்ஸில் ஒரு காப்புக் கண்ணாடி இருக்கட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். சிலுவை நேரம் உச்சி வெயில். திறந்த மைதானம், தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நமக்கு இடம், 200 மி.மீ. இல்லாமல் முகம் கிடைக்காது. இரண்டு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். யாரையும் திரும்பி நிற்கச் சொல்லாதீர்கள். குழந்தைகளை அழைத்துப்போவது எங்களுக்கு உடன்பாடில்லை.

பலவான் பக்கம் எல் நிடோ, கொரோன் படகுப் பயணத்தில் கேமராவை எப்படிக் காப்பாற்றுவது? நீல நிறம் ஏன் படத்தில் சாம்பலாக வருகிறது?
– வாசகர், திருவொற்றியூர்

இரண்டாவது கேள்விக்கு முதலில். காலைப் பொன்வெயில்தான் நல்லது என்று படித்திருப்பீர்கள்; இந்தக் காயல்களில் அந்தப் பாடம் செல்லாது. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. காலையிலும் மாலையிலும் பாறையின் நிழல் தண்ணீரில் விழுந்து நிறத்தைத் தின்றுவிடும். வெயில் நேர்மேலிருந்து மணலடி வரை இறங்கினால்தான் அந்தப் பச்சைநீலம் எழும். பத்து முதல் இரண்டு மணி வரை எடுங்கள். போலரைசர் என்ற துருவ வடிகட்டி ஒன்று போட்டுத் திருகினால் மேற்பரப்பின் கண்கூச்சம் போய் அடி தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 20 மி.மீ.-க்கும் அகன்ற லென்ஸில் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும், அங்கே கழற்றிவிடுங்கள்.

கொரோனில் 'கயாங்கான் ஏரி' என்று எல்லாரும் பகிரும் படம் ஏரியே இல்லை. ஏரிக்குப் போகும் படிகளின் மேலிருந்து பின்னால் திரும்பினால் தெரியும், படகுகள் நிற்கும் வளைகுடா அது. படியேறும்போது திரும்பிப் பார்க்க மறந்தால் போச்சு. முதல் படகில் போனால்தான் வரிசை இருக்காது.

பாங்கா என்ற அந்தப் படகுக்கு இருபக்கமும் மூங்கில் மிதவைகள் நீட்டியிருக்கும். காற்று வரும் பக்கமும் முன்முனையும் தெறிப்பில் நனையும். எதிர்ப்பக்கம், நடுவுக்குப் பின்னால் உட்காருங்கள். கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். 10 லிட்டர் நீர்புகாப் பை, வாயை மூன்று மடிப்பாவது மடித்துப் பூட்ட வேண்டும். ஒரே மடிப்பு மடித்தவர்களின் பையில்தான் தண்ணீர் நுழைகிறது. மாலையில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் முதலில் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணியை முதலில் போட்டால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி விட்டு வையுங்கள், லென்ஸ் வியர்க்காது. கைபேசி நீருறையை மட்டும் ஏ.சி. அறைக்குள் மூடுங்கள். படகில் மூடினால் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று தண்ணீர் தொட்டதும் பனிபோலப் படியும்.

வீடு திரும்பியதும் கேமராவைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். சென்னையின் புழுக்கத்தில் அந்த உப்பும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கேட்கவே வேண்டாம். காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி 40–50 காட்டட்டும்.

டிசம்பரில் ராட்சத நட்சத்திர விளக்கு விழா. என் கைபேசி வீடியோவில் விளக்குகள் கோடு கோடாக ஓடுகின்றனவே?
– வாசகர், வேளச்சேரி

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிலிப்பைன்ஸில் 60. இங்கே பழகிய கேமரா 1/50, 1/100 வேகத்தில் ஓடும். அங்கே விளக்குகள் நொடிக்கு 120 முறை மினுக்குவதால் இரண்டும் பொருந்தாமல் பட்டை ஓடுகிறது. அமைப்பில் 'ஃப்ளிக்கர்' என்ற இடத்தில் 60-ஐத் தேர்ந்தெடுத்து, வீடியோவை 1/60-ல் வையுங்கள். கடை வெளிச்சம், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இதுவே.

சான் பெர்னாண்டோவின் பெரிய விளக்குகள் சுமார் இருபது அடி விட்டம், ஆயிரக்கணக்கில் பல்புகள். இசைக்கேற்ப அவை நடனமாடுவதைப் பின்னாலிருந்து ஓட்டுவது உருளும் எஃகு உருளைகள். உருளைமேல் ஒட்டிய டேப் வரும் இடத்தில் மின்தொடர்பு அறுந்து பல்பு அணையும், டேப் இல்லாத இடத்தில் எரியும். வாய்ப்பு கேட்டுப் பின்பக்கம் போய் அதையும் எடுங்கள். அந்தக் கைவேலைதான் விழாவின் உயிர். முன்பக்கத்துக்கு 1/125, எஃப் 5.6, மேனுவல். நீண்ட நேரம் திறந்து வைத்தால் பல கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் வெள்ளை வட்டம் மிஞ்சும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் நடக்கும் சிம்பாங் காபி திருப்பலியும் அதே பயணத்தில் கிடைக்கும். நம் மார்கழி விடியலுக்குப் பழகியவர்களுக்கு எழுந்திருப்பது சிரமமில்லை.

பள்ளி விடுமுறையில் மே மாதம்தான் வர முடியும். மழையா?
– வாசகி, அம்பத்தூர்

மே நல்ல மாதம். பானாவே பக்கத்துப் படாத் படிக்கட்டு வயல்கள் ஏப்ரல், மேயில் பச்சை. ஜூன் கடைசியில் பொன்னிறமாகி அறுவடை. பலவான் பக்கக் கடல் மே வரை பெரும்பாலும் அமைதி. ஜூனில் 'ஹபாகத்' என்ற தென்மேற்குக் காற்று தொடங்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் அதிகம். வாடைக்காற்றுக்கு அங்கே 'அமிஹான்'. சியார்காவ் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதுதான் மழை தருகிறது, நம் வடகிழக்குப் பருவமழைபோல. பகாசா என்ற வானிலைத் துறை புயல் எச்சரிக்கை எண் ஒன்றை ஏற்றினாலே படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் எந்தச் சிறு தீவிலும் இருக்காதீர்கள்.

டிரோன் கொண்டுபோகலாமா? போஹோல் தீவில் தார்சியர் என்ற குட்டி விலங்கை எடுக்க என்ன லென்ஸ்?
– வாசகர், குரோம்பேட்டை

டிரோனை வீட்டிலேயே வையுங்கள். திருவிழாக் கூட்டத்தின்மேல் பறக்கவிட அனுமதி இல்லை. மேலும் 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு டிரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருப்பதால், திரும்பும்போது சுங்கத்தில் நீங்கள்தான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

தார்சியருக்கு கொரேலியாவில் உள்ள சரணாலயத்துக்குப் போங்கள், கூண்டில் வைத்துக் காட்டும் இடங்கள் வேண்டாம். கைப்பிடியளவு உயிர், இரவில் விழித்திருப்பது, பகலில் நீங்கள் பார்ப்பது அதன் தூக்கத்தை. ஃபிளாஷ் கூடவே கூடாது, கைபேசியிலும் அணைத்துவிட்டதை இருமுறை சரிபாருங்கள். மரநிழல் இருட்டு என்பதால் 70-200 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, 1/160. கேமராவின் ஓசையை நிசப்தத்தில் வைத்து, நாலைந்து படம் எடுத்ததும் அடுத்தவருக்கு இடம்விட்டு நகர்ந்துவிடுங்கள்.